வெறுமை எடுக்காத வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு புது ஆல்பங்கள் வந்திருந்தன. பட்டியலைப் பார்த்ததுமே ஒன்றும் தேறாது என்று தெரிந்துவிட்டது. சினிமாப் பக்கம் போகாமல், சொந்த அறையில் பாடிப் பதிவு செய்து தாங்களே வெளியிடும் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. முதல் பாட்டில் மழை பெய்யும். இரண்டாவதில் நகரம் அவர்களைப் புரிந்துகொள்ளாது. மூன்றாவதில் கிடார்காரன் தூங்கிவிடுவான்.

அன்றைய முதல் ஆள் கோயம்புத்தூர்க்காரன். தன் வீட்டு ஃபிரிட்ஜ் இரைச்சலைப் பதிவு செய்து, அதன்மேல் நாற்பது நிமிடம் முணுமுணுத்திருந்தான். அடுத்து நான்கு ஐடி ஆட்கள். பறை வாங்கியிருந்தார்கள், அடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆல்பத்துக்குக் 'கோபம்' என்று பெயர். மூன்றாவது, முன்னாள் காதலன் அனுப்பிய குரல் செய்திகளுக்குப் பின்னால் வயலின் போட்டிருந்த ஒரு பெண். அவனையே மறுபடி காதலித்துவிடலாம், அந்த வயலினைக் கேட்க முடியாது.

இதையெல்லாம் நான் எழுதித் தருவதில்லை. விமர்சனத்தை எழுதுவது நின்று பல வருடம் ஆகிறது. நான் கேட்பேன். என் வேலை அவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், முன்பு போல்ட்டு நட்டு செய்துகொண்டிருந்த ஒரு ஷெட்டின் மாடியில் எங்கள் 'செவிவழி' நிறுவனம் இருக்கிறது. கேட்பறையின் சுவரெல்லாம் பஞ்சு. நடுவில் ஒரு நாற்காலி. கழுத்திலும் மணிக்கட்டிலும் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்வேன். பாட்டு ஓடும். என் நாடி, வியர்வை, தொண்டை இறுக்கம், வயிற்றுப் புரட்டல் எல்லாவற்றையும் பட்டை எழுதிக்கொள்ளும். அந்தப் பதிவுக்குக் கேட்பு என்று பெயர். சந்தாதாரர் காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பொட்டை ஒட்டிக்கொண்டு அதே பாட்டைப் போட்டால், என் உடம்பில் நடந்தது அவர் உடம்பிலும் நடக்கும். எனக்கு எந்த இடத்தில் குமட்டியதோ, அவருக்கும் அங்கே குமட்டும்.

ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா என்று தானே முடிவு செய்வது எவ்வளவு தொல்லை என்று ஜனங்களுக்குப் புரிந்துபோயிற்று. 'அந்தப் பாட்டு கேட்டியா?' என்று இப்போது யாரும் கேட்பதில்லை. 'யார் காதுல கேட்ட?' என்றுதான் கேட்கிறார்கள்.

என் காதில் கேட்பவர்கள் நான்கு லட்சம் பேர். என் பெயர் இன்பவல்லி. சந்தாதாரர்கள் வைத்த பெயர் வேம்பு. எங்களிடம் இருந்த மற்றக் கேட்பாளர்கள் ரசித்தார்கள், நான் வெறுத்தேன். ரசிப்பு இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். ஒருவன் உயிரைக் கொடுத்துச் செய்த பாட்டைக் கால் மேல் கால் போட்டுக்கொண்டு வெறுப்பது அலுப்பதே இல்லை. அந்தச் சுகத்துக்காகத்தான் நான்கு லட்சம் பேரும் வந்தார்கள்.

என்னிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வேலைக்கு எடுத்த அன்று பட்டை எழுதிய என் வரைபடத்தைப் பார்த்த முதலாளி கபிலன் சார், "அம்மாடி! பாத்தா பூனை மாதிரி இருக்க, உள்ள சிங்கத்த கட்டி வச்சிருக்கியே" என்றார். தலையாட்டினேன்.

கேட்புக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் முன்னால் பத்து நிமிடம், எதுவும் ஓடாமல், பட்டையோடு சும்மா உட்கார வேண்டும். பசி, முதுகுவலி, பஸ்ஸில் ஒருவன் இடித்த கோபம் என்று அப்போது உடம்பில் இருப்பதெல்லாம் பதிவாகும். பிறகு அதைக் கேட்பிலிருந்து கழித்துவிடுவார்கள். மிஞ்சுவது பாட்டு செய்த வேலை மட்டும். இதற்கு வெறுமை எடுப்பது என்று பெயர். பன்னிரண்டு ஆல்பத்துக்குப் பன்னிரண்டு வெறுமை எடுக்க வேண்டும். எந்தக் கேட்பாளரும் எடுப்பதில்லை. காலையில் ஒன்றை எடுத்து, சாயங்காலம் வரை அதையே ஓட்டுவோம்.

"காலை வெறுமை போதும்ல?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஹாஜிரா கேட்பாள். கேட்பை வெட்டித் தைத்து அனுப்புவது அவள் வேலை. நான் கட்டைவிரலைக் காட்டுவேன்.

அன்று மதியம், ஆறாவது ஆல்பம் முடிந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"இன்பா, ஞாயித்துக்கெழம வர்றல்ல?"

அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. "வர்றேங்க்கா."

"வா, வா. ஆனா ஒண்ணுடி. நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. மேடையில தட்டு எடுக்க நீ வராத. கீழ மொத வரிசையில உக்காந்துக்க. அவரு வீட்டு ஆளுங்க வர்றாங்க. புருசன் வேணாம்னு வந்தவளை எதுக்கு மேடையில நிக்க வைக்கிறன்னு ஒரு பேச்சு வரும். எனக்கு இல்ல, அவங்களுக்கு."

"சரிக்கா."

"ஃபோட்டோ எடுக்கும்போது கூப்பிடறேன்."

"சரிக்கா."

"உன் காதுலதான்டி எல்லாப் பாட்டும் கேக்குறேன். எங்க ஆபீஸ்ல எல்லாருகிட்டயும் என் தங்கச்சின்னு சொல்லியிருக்கேன்."

"சரி."

மீதித் தயிர்சாதத்தைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கேட்பறைக்குப் போனேன். பட்டையைக் கட்டினேன். ஒலிபெருக்கியில் ஹாஜிராவின் குரல் வந்தது. "காலை வெறுமைதானே?"

கட்டைவிரலைக் காட்டினேன்.

ஏழாவது ஆல்பம். 'மூணாவது கேட்டு' என்று ரயில்வே கேட்டின் பேரை வைத்துக்கொண்ட எர்ணாவூர்ப் பக்கத்துக் குழு. ஆல்பத்தின் பெயர் 'ஈரத் துணி'. பாடியவள் ஜெசிந்தா. முதல் இரண்டு பாட்டு எப்படிப் போயின என்றே தெரியவில்லை. மூன்றாவது பாட்டு தொடங்குவதற்கு முன்னாலுள்ள அமைதியில், மனசுக்குள் நான் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் எல்லோரும் தட்டோடு நின்றார்கள். அப்போது ஒரு பெண் குரல், 'லாரி வந்துருச்சு எந்திரி, கொடத்துல பாதித் தூக்கம் கெடக்கு' என்று பாடியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எழுந்து போய்த் தட்டுகளையெல்லாம் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. மூன்றே முக்கால் நிமிடம்.

வெளியே வந்தபோது ஹாஜிரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி இது? இந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததே இல்ல."

"மட்டமான பாட்டு" என்றேன்.

ஒரே வாரத்தில், பொட்டை இரவல் வாங்கியவர்களையும் சேர்த்து, பதினொரு லட்சம் பேர் அதைக் கேட்டார்கள். யார் மேலாவது போய் விழலாம் போல் ஒரு கோபம் வருகிறது, இப்படி ஒரு சுகமே இல்லை என்று எழுதினார்கள். பொட்டை ஒட்டிக்கொண்டு ஓட்டப் பயிற்சிக்குப் போனார்கள். எடை தூக்கினார்கள். கபிலன் சார் ஆபீஸில் எல்லோருக்கும் கேசரி வாங்கித் தந்தார்.

கேசரித் தட்டோடு ஹாஜிரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு செகண்டு அமைதி வருதுல்ல? அதுலயே உன் கோவம் உச்சியில நிக்குது. பாடறதுக்கு முன்னாடியே அந்தப் பொம்பள மேல உனக்கு இன்னா கோவம்?"

நான் கேசரியில் முந்திரியைத் தேடினேன்.

"அந்த வெறுமை காலையில எடுத்தது. மத்தியானம் உனக்கு யாரோ போன் பண்ணாங்க. சொல்லிட்டா மறுபடி கேட்டு மாத்திடலாம். இப்பவே மாத்தினா யாருக்கும் தெரியாது."

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஒண்ணுமில்லன்னா இருக்கட்டும். நான் தைக்கிறவ. எனக்கு இன்னா வந்துச்சு" என்று எழுந்து போனாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெசிந்தா எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். நீலச் சுடிதார், தோளில் ரெக்சின் பை, என் வயதுதான் இருக்கும். வரவேற்பு மேசையில் ஒன்றும் பேசாமல் போனை நீட்டினாள். அதில் எழுதியிருந்ததைக் கபிலன் சார் வாங்கிச் சத்தமாகப் படித்தார். "நான் ஜெசிந்தா. பாடகி. கேட்பாளர் வேம்புவைப் பார்க்க வேண்டும். நான் பேசினால் உங்களுக்குக் கோபம் வரும், அதனால் எழுதியிருக்கிறேன்." அவர் சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் வராது. சொல்லும்மா."

"சார்" என்றாள் அவள்.

ஒரே வார்த்தைதான். கபிலன் சாரின் கழுத்து சிவந்தது. கை மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, "வெளிய போ. மொதல்ல வெளிய போம்மா" என்று கத்தினார். அங்கே இருந்த எல்லோர் முகமும் ஒரே மாதிரி கடுத்திருந்தது. பதினொரு லட்சத்தில் அவர்களும் உண்டு.

நானும் ஹாஜிராவும் பொட்டு ஒட்டுவதில்லை. கேட்பாளர்கள் ஒட்டக் கூடாது என்பது விதி. ஹாஜிராவுக்கோ, நாளெல்லாம் தைப்பதை வீட்டிலும் போய் ஒட்டிக்கொள்ள வேண்டுமா என்ற சலிப்பு. நாங்கள் இருவரும் அவளை மாடிப்படிக்குக் கூட்டிப் போனோம்.

"நீங்கதான் வேம்பா?"

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. மூணு மாசமா எல்லாரும் எங்கிட்ட தலைதான் ஆட்டுறாங்க."

"நான்தான்."

"உங்களுக்குக் கோவம் வரல?"

"எனக்குப் பொட்டு கிடையாது."

"நல்லா கீது. ஊருக்கெல்லாம் ஊத்தி வுட்டுட்டு நீங்க ஒரு சொட்டு குடிக்கல." படியில் உட்கார்ந்தாள். பேச ஆள் கிடைத்த வேகத்தில் பேசினாள். "இதோ பாருங்க. பாட்டு நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லுங்க. எங்க பேஸ் கிடார்காரனே எங்கிட்ட நாலு தபா சொல்லியிருக்கான். இந்த ஆல்பத்துல ரெண்டு பாட்டு குப்பைன்னு எனக்கே தெரியும். அது வேற. இது இன்னாது? தண்ணி லாரி புக்கிங் எடுக்குற கால் சென்டர்ல வேல பாத்தேன். 'வணக்கம்'னு சொன்னா எடுத்த எடுப்புலயே அசிங்கமா திட்டுறாங்க. வேலைய வுட்டுட்டேன். அது போவட்டும், வேற வேல பாத்துக்கலாம். எம்பொண்ணு ஷைனிக்கு ஏழு வயசு."

ரெக்சின் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஸ்கூல் வேன்ல ஒரு பொண்ணோட அக்கா பொட்டு வச்சிருந்திருக்கு. இவ, 'எங்கம்மா பாட்டு, எங்கம்மா பாட்டு'ன்னு பெருமையா வாங்கி ஒட்டிக்கினு கேட்டிருக்கா. உங்க காதுல. அன்னிலேர்ந்து நான் 'ஷைனி'ன்னு கூப்ட்டா காதப் பொத்திக்கினு கத்துறா. தட்ட தூக்கி அடிக்கிறா. அப்பறம் அவளே அழுவுறா, ஏன் கோவம் வருதுன்னு அவளுக்குத் தெரில. பக்கத்து வீட்லதான் தூங்குறா. நான் என் வீட்ல ஊமையா கீறேன்."

"இது வழக்கமா பாட்டோட நின்னுரும்" என்றாள் ஹாஜிரா. "இந்தக் கேட்புல சூடு ரொம்ப அதிகம். குரல் வரைக்கும் பிடிச்சிருக்கு."

ஜெசிந்தா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நான் சண்டைக்கு வரல. வந்திருக்கணும், வரல. எந்த வரின்னு மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு அவ்ளோ கோவம் வர்ற மாதிரி நான் எந்த வரியப் பாடுனேன்? அந்த வரிய இனிமே பாடவே மாட்டேன். அத வெட்டிட்டா சரியாப் போயிருமா?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. தப்பு தன்னுடையது என்று நம்பிக்கொண்டு ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தால் எரிச்சல்தான் வரும். சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பைப் படித்தேன்.

"சொல்லுடி" என்றாள் ஹாஜிரா.

அறிவிப்பின் அடுத்த வரிக்குப் போனேன்.

"அப்ப நான் சொல்றேன். இந்தாம்மா, உன் பாட்டுல ஒண்ணுமில்ல. இவ வேற யார் மேலயோ கோவத்துல வந்து உக்காந்துட்டா. வெறுமை எடுக்கல. அவ கோவத்தை நாங்க உன் பாட்டு மேல தச்சு அனுப்பிட்டோம்."

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். "யார் மேல கோவம்?"

"எங்க அக்கா மேல" என்றேன்.

"உங்க அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தப் பட்டையாலும் எழுத முடியாது. "உங்கக்காகிட்ட வாயத் தொறக்க பயம். அதனால எம்பொண்ணுகிட்ட தொறந்துட்டீங்க."

பிறகு ஹாஜிராவிடம் கேட்டாள். "மாத்த முடியுமா?"

"அதே பாட்டு, அதே காது. வேற யாரு காதும் இதுக்கு மேல ஒட்டாது. இவ மறுபடி ஒழுங்கா வெறுமை எடுத்து, ஒழுங்கா கேக்கணும். அதப் போட்டா பழசு போயிரும். ஆனா ஒண்ணு, ஒடம்பு பொய் சொல்லாது. இவளுக்கு உன் பாட்டு புடிக்கலன்னா, புடிக்காததுதான் போகும்."

"புடிக்காட்டி பரவால்ல. சும்மா புடிக்காம போனதுக்கு எம்பொண்ணு தட்ட தூக்கி அடிக்க மாட்டா."

கபிலன் சாரிடம் ஹாஜிராதான் போய்ப் பேசினாள். கதவுக்கு வெளியே கேட்டது. "மறு கேட்பா? உனக்கு மூளை இருக்கா? ஒரு தடவை நாம தப்புன்னு சொன்னா நாலு லட்சம் பேரும் பொட்டைக் கழட்டிருவான். அந்தக் கேட்புதான் நம்மளத் தூக்கி நிறுத்தியிருக்கு. பாட்டு விட்டா விமர்சனம் வரத்தான் செய்யும். தாங்கலன்னா பாடக் கூடாது."

அவர் சொன்னதை நானும் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் வந்தோம். சாவி ஹாஜிராவிடம் இருந்தது. "நீ ரொம்ப நல்லவன்னு நெனச்சுக்காத. அன்னிக்கு கேசரி தின்னுக்கினே 'ஒண்ணுமில்ல'ன்னவதான் நீ. நானும்தான்" என்று சொல்லிக்கொண்டே பட்டையைக் கட்டினாள். ஜெசிந்தாவை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பத்து நிமிடம் வெறுமை எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்துக்குப் பிறகு அப்படி ஒழுங்காக உட்கார்ந்தது அன்றுதான். பஞ்சுச் சுவர். என் மூச்சு. எந்தக் கோபமும் இல்லை. வயிற்றில் காலை சாப்பிட்ட இட்லி. அவ்வளவுதான்.

பாட்டு தொடங்கியது.

கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் குடத்தை யாரோ தட்டுகிறார்கள். வெறும் குடச் சத்தம் இல்லை, உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, தட்டும்போது அது ஒருமுறை புரள்கிறது. தூரத்தில் லாரி பின்னால் வரும் 'பீப் பீப்'. முதல் முறை அதைச் சத்தம் என்று மட்டும் கேட்டிருந்தேன். இப்போது தெரிந்தது, அவள் அதைத்தான் சுருதியாக வைத்துக்கொண்டிருக்கிறாள். லாரி எந்தச் சுருதியில் அலறுகிறதோ அதே சுருதியில், ஆனால் தூங்குகிற குழந்தை பயந்து எழாத அளவுக்கு மெதுவாக, 'லாரி வந்துருச்சு எந்திரி' என்கிறாள். இரண்டாவது சரணத்தில் சுருதி கொஞ்சம் விலகுகிறது. பேஸ் கிடார் ஓர் இடத்தில் மக்கு மாதிரி முந்திக்கொள்கிறது. அவர்கள் அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். விட்டது சரி. 'கொடத்துல பாதித் தூக்கம் கெடக்கு' என்ற வரி மறுபடி வந்தபோது, அது ஏழு வயதுப் பெண்ணைப் பார்த்துப் பாடியது என்று புரிந்தது. வரிசையில் அம்மா நிற்க, குடத்தைக் கட்டிக்கொண்டு நின்றபடியே தூங்கும் பெண்.

அதன் பிறகு அவள் குரல் வந்த ஒவ்வோர் இடத்திலும் என் உடம்பு ஏதோ செய்தது. தொண்டை அடைத்தது. தலை தானாகக் குனிந்தது. கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. அத்தனை வருடம் பாட்டுக் கேட்டும் எனக்கு அப்படி ஆனதில்லை. அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

ஹாஜிரா கதவைத் திறந்தாள். "கோவம் சுத்தமா இல்லடி. ஒரு துளி இல்ல. வேம்பு காதுல இப்படி ஒண்ணு எடுத்திருக்கோம்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். இது உருகுறது, பாரு." வரைபடத்தைக் காட்டினாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வெளியே ஜெசிந்தா எழுந்து நின்றாள். "பாட்டு எப்படி?" என்றாள்.

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் உடம்பை வாங்கிப் போவார்கள், வாயைக் கேட்கமாட்டார்கள். "லாரிச் சத்தம்..." என்றேன். மேலே வரவில்லை.

"சரி வுடுங்க" என்றாள்.

கேட்பை ஒரே ஒரு பொட்டில் ஏற்றிக் கொடுத்தாள் ஹாஜிரா. வேறு யாருக்கும் அது போகாது. பதினொரு லட்சம் பேரிடம் பழையதுதான் இருக்கும். ஜெசிந்தா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்களும் வாங்க. சரியாவலன்னா உங்கள எங்க தேடுறது?" என்று என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வழியெல்லாம் அவள் பேசவில்லை. பஸ்ஸில் யார் பொட்டு ஒட்டியவர்கள் என்று தெரியாது அல்லவா. டிக்கெட்டை நான்தான் கேட்டு வாங்கினேன்.

எர்ணாவூரில் மூன்றாவது மாடி, ஒற்றை அறை வீடு. பக்கத்து வீட்டிலிருந்து ஷைனி வந்தாள். இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டும் இல்லை. அம்மாவைப் பார்த்ததும் நான்கடி தள்ளியே நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்.

"நீங்க யாரு?"

"உங்க அம்மா பாட்டை மறுபடி கேட்டவங்க" என்றேன்.

"அந்தப் பாட்டு வேணாம். எனக்குக் கோவம் வரும். கோவம் வந்தா நான் கெட்டவளாயிருவேன்."

ஜெசிந்தா சுவரோடு ஒட்டி நின்றாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். நான் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் குழந்தையின் காதுக்குப் பின்னால் பொட்டை ஒட்டினேன். பாட்டைப் போட்டேன்.

முதலில் தோளைக் குறுக்கிக்கொண்டாள். குடம் தட்டும் சத்தம். அவள் கைகள் காதுவரை போயின. ஜெசிந்தாவின் குரல் வந்தது. கைகள் அங்கேயே நின்றன, பிறகு மெல்ல இறங்கின. கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் கத்தவில்லை. எதையும் தூக்கி அடிக்கவில்லை. மூன்றே முக்கால் நிமிடமும் நின்று கேட்டாள். பாட்டு முடிந்ததும் பொட்டை எடுத்தேன்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மூன்று மாதமாகத் தன் வீட்டில் பேசாதவள், மெதுவாக, "ஷைனி" என்றாள்.

அந்தப் பெண் ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்கு அப்போது எப்படி இருந்தது என்றால், என்னைப் பற்றி நானே கொஞ்சம் நல்லபடியாக நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

"சாரிம்மா" என்றாள் ஷைனி.

"எதுக்குடி கண்ணு? நீ இன்னா பண்ண? நீ ஒண்ணும் பண்ணலியே."

"சாரிம்மா."

"அதெல்லாம் வேணாம். கோவம்லாம் போச்சு, பாத்தியா? சாப்ட்டியா நீ?"

"சாரிம்மா. சாரி."

"ஏய், இன்னாடி? அம்மா எதுக்காவது திட்டினேனா?"

"இல்ல." குழந்தை தலையைக் குனிந்தது. தொண்டை அடைத்தது. கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. "நீ பேசுனா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்மா. நான் உன்ன ஏதோ பண்ணிட்டேன். இன்னா பண்ணேன்னு தெரில. சாரிம்மா."

அந்தக் குனிந்த தலையை எனக்கு அடையாளம் தெரிந்தது. வெறுமை எடுத்தபோது என் உடம்பு காலியாகத்தான் இருந்தது. அவள் குரல் வந்த பிறகுதான் என் குற்றவுணர்ச்சி வந்தது. பாட்டோடு வந்ததைப் பட்டை பாட்டின் பேரில்தான் எழுதும். அதில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. ஹாஜிராவும் நானும் உருக்கம் என்று பெயர் வைத்து அதை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டோம். இன்னொரு முறை கேட்டாலும் அதுதான் வரும், இதைவிட அதிகமாக.

ஜெசிந்தா குழந்தையின் தலைக்கு மேல் என்னைப் பார்த்தாள். பாடுகிறவள் அவள், குரலில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு வரைபடம் தேவையில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தில் அது தெரிந்தது.

நான் எழுந்தேன். சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். மாடிப்படியில் சொல்லியிருக்க வேண்டும், கேசரி சாப்பிட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டும். இப்போது வாயைத் திறந்தேன்.

"வேணாம்" என்றாள் ஜெசிந்தா. "அதான் இவ சொல்லிக்கினு கீறாளே. நீங்க கெளம்புங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு திறந்தே இருந்தது. படியிறங்கும்போது மேலே ஜெசிந்தா விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். கை கழுவிக்கோ. நாளைக்கு மிஸ் இன்னா எடுத்துட்டு வரச் சொன்னாங்க? அந்த வேன் பொண்ணு பேரு இன்னா? பல்லு ஆடுதா, காட்டு. அவள் நிறுத்துவதாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் அந்தக் குழந்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது.